எலும்புத் தூள் என்று நான் சொன்னது

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த அட்டையில் இரண்டு ஒட்டுச்சீட்டுகள் இருந்தன. ஒன்று எலும்புத் துகள்கள் வந்த குப்பியிலிருந்து உரித்தது. மற்றது அவற்றின்மேல் போர்த்திய சவ்வின் உறையிலிருந்து உரித்தது. பின்னாளில் ஏதும் சிக்கல் வந்தால், பொருள் எந்தத் தொகுதியில் தயாரானது என்று கண்டுபிடிப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இந்தச் சீட்டுகளை வைக்கிறார்கள். ஒரு சோடி நோயாளியின் கோப்பில் ஒட்டப்படும். இன்னொரு சோடி நோயாளியின் கைக்குப் போகும். இரண்டு வருடங்களுக்கு முன்னர், கிழக்கிலங்கையின் கல்முனையில் உள்ள என் பல் சிகிச்சை அறையில், என்னைப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அந்த அட்டையை மேசைமேல் வைத்து, அதிலிருந்த ஒரு சொல்லைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார். மாட்டினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் அவருடைய பேத்தி முதல்நாள் இரவு அதை வாசித்துச் சொல்லியிருக்கிறாள்.

“மனே, இது மாட்டெலும்பா?” என்று கேட்டார்.

ஆம் என்றேன். அவர் கோபப்படவில்லை. அட்டையைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை இழுத்துக் கட்டினார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே தேவையில்லை. ஆறு மாதங்களுக்கு முன்னர், அவருடைய தாடையைத் திறப்பதற்கு முன், நானாகவே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அன்றிலிருந்து இதை எழுத நினைத்து, எழுதி, அழித்து, இன்றுதான் முடிக்கிறேன்.

ரீச்சர் எனக்கு ஆறாம் ஆண்டில் தமிழ் படிப்பித்தவர். அவர் மச்சம் தொடாதவர் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மீன் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் கரையோரத்தில் அப்படி இருப்பவர்களை ஊர் எளிதில் மறப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போவார். மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். வாயிலிருந்து வரும் மூச்சுக்கூடத் தூய்மையைக் கெடுத்துவிடலாம் என்று எண்ணும் ஒரு மரபில் வளர்ந்தவருடைய வாய்க்குள் என்ன வைக்கிறேன் என்று சொல்லாமல் வைத்தேன். இதை நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லவே முடியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அன்று மறந்துபோயிருக்கவில்லை. கையில் இருக்கும் குப்பியோடு அந்த அறிவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

சிகிச்சையின் காரணம் எளிமையானது. கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று வருடங்களுக்கு முன்னர் பிடுங்கியிருந்தார்கள். பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை; தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத மேட்டை உடம்பு கரைத்துவிடும். முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறத்தாழ அரைவாசி போய்விடுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் போய்விடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ரீச்சரின் எலும்பு மேடு 4 மில்லிமீற்றர் அளவில் ஒடுங்கியிருந்தது. செயற்கைப் பல்லுக்கு வேராக வைக்கவேண்டிய டைட்டேனியத் திருகின் விட்டமே அவ்வளவு. அதைச் சுற்றி இரு புறமும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் எலும்பு வேண்டும். கட்டுப்பல் அவருக்குச் சரிவரவில்லை. தேவாரம் பாடும்போது கழன்று வருகிறது என்று கவலைப்பட்டார். ஆகவே முதலில் எலும்பை வளர்த்து, ஆறு மாதம் கழித்துத் திருகை வைப்பது என்று தீர்மானித்தோம்.

சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எலும்பு ஒட்டு என்ற இடம் வந்தபோது, “எலும்புத் தூள் வைப்பம் ரீச்சர்” என்றேன். “எலும்புத் தூளெண்டா?” என்று கேட்டார். “சுத்தம் செய்த எலும்புச் சத்து. உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும்” என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்து எழவேண்டிய கேள்வி எவருடையது என்பது. அந்தக் கேள்வி எழாதபடி, தூள், சத்து என்ற இரண்டு மருந்துக்கடைச் சொற்களை நான் அதன்மேல் போர்த்தியிருந்தேன். ரீச்சர் தலையாட்டிக் கையெழுத்திட்டார். தன்னிடம் படித்த பிள்ளை சொல்லும்போது அதற்கு மேல் துருவிக் கேட்க அவருக்கு மனம் வந்திருக்காது.

ஒரே தட்டில் மாடும் பன்றியும்

அந்தக் குப்பிக்குள் இருந்ததைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல பொருள். மாட்டின் எலும்பை எடுத்து, வெப்பத்தாலும் இரசாயனத்தாலும் அதிலுள்ள புரதம், கொழுப்பு, கலம் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த கனிமம், அதன் நுண்துளைகள் குலையாமல் அப்படியே. மனித எலும்பின் கனிமமும் ஏறத்தாழ அதுவே. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அந்தத் துகள்களைக் குழியில் நிரப்பினால், இரத்தம் அவற்றுக்கிடையே ஊறி உறைந்து, குருதிக் குழாய்கள் துளைகளுக்குள் நுழைந்து, அவற்றின் பின்னால் எலும்பை உருவாக்கும் கலங்கள் வந்து அமர்கின்றன. வீடு கட்டும்போது கட்டும் சாரத்தைப் போன்றது; வித்தியாசம் என்னவென்றால் இந்தச் சாரத்தைப் பிறகு கழற்றுவதில்லை. அது மிக மெதுவாகத்தான் கரையும், பல வருடங்கள் கழித்து எடுத்துப் பார்த்த திசுக்களிலும் துகள்கள் புதிய எலும்புக்குள் பதிந்தபடி இருக்கின்றன. ஒடுங்கிய மேட்டின் பருமனை அது நீண்டகாலம் தாங்கிப் பிடிப்பதற்கும் அதுவே காரணம். பல வகைப் பொருள்களில் இதையே நாங்கள் கையில் எடுப்பது வெறும் பழக்கத்தால் அன்று. நீண்ட கால ஆய்வுகள் இதற்குத்தான் அதிகம் இருக்கின்றன.

மேலே போர்த்தும் சவ்வுக்கு வேறு வேலை. காயத்தை மூடியதும் முதலில் ஓடிவருவது முரசின், அதாவது பல்லீறின், கலங்கள். எலும்புக் கலங்கள் சோம்பலானவை அல்ல, ஆனால் முரசுக் கலங்களின் வேகம் அவற்றுக்கு இல்லை. இடையில் ஒரு வேலி போட்டு முரசை வெளியே நிறுத்தினால், உள்ளே இருக்கும் வெளியில் மெதுவாக வளர்பவை வளர்ந்துகொள்ளும். சுவீடனில் ஸ்டூரே நைமனும் அவருடைய குழுவினரும் 1982இல் மனிதப் பல்லொன்றில் இதைச் செய்து காட்டினார்கள். இன்று பெரும்பாலும் அந்த வேலி கொலாஜனால் ஆனது. தானாகவே கரைந்துவிடுவதால் அதை எடுக்க மறுபடியும் வெட்டத் தேவையில்லை. அந்தக் கொலாஜன் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஆக, ஒரே சத்திரசிகிச்சைத் தட்டில் மாடும் பன்றியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஏதோ ஒரு நகரத்தில் இதை வடிவமைத்தவர்களுக்கு அது ஒரு சங்கடமாகத் தோன்றியிருக்காது. என் அறையில் காத்திருப்போரின் வாங்கிலோ, பாண்டிருப்பிலிருந்து வந்த அம்மாவும் மருதமுனையிலிருந்து வந்த உம்மாவும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குத் துகள் தாங்க முடியாதது. மற்றவருக்குச் சவ்வு தாங்க முடியாதது. பத்து வருடத் தொழிலில், இருவர் வாயிலும் இரண்டையும் வைத்திருக்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் ரீச்சரின் பேத்திதான் முதலில் அட்டையை வாசித்தாள்.

அன்று இரவு அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு உறையாக வாசித்தேன். பல் பிடுங்கிய குழியில் இரத்தம் நிற்பதற்காக வைக்கும் ஜெலற்றின் பஞ்சு பன்றியிலிருந்து வந்தது. கரையும் தையல் நூல்களில் ஒரு வகை மாட்டின் குடலிலிருந்து வந்தது. இவற்றையெல்லாம் நான் மாணவனாக இருந்த காலத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

பாதைத் துறையில்

“இதை எடுத்துப் போடலாமா?” என்பதுதான் ரீச்சரின் அடுத்த கேள்வி. ஸ்கேனைத் திரையில் காட்டினேன். மேடு 7 மில்லிமீற்றருக்கு வளர்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தப் படத்தைப் பெருமையோடு காட்டியிருப்பேன். துகள்கள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தன, அவற்றுக்கிடையே அவருடைய சொந்த எலும்பு ஓடியிருந்தது. தனியாகப் பிரித்தெடுக்க முடியாது, எடுப்பதென்றால் அந்த மேட்டையே வெட்ட வேண்டும், கீழே உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது என்று சொன்னேன். திருகு வைக்கத் துளைக்கும்போது கொஞ்சம் வெளியே வரும், மிச்சம் இருக்கும் என்றும் சொன்னேன். அன்று எதையும் மென்மையாக்கிச் சொல்லவில்லை. அவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

எடுக்க முடியாமை என்பதிலிருந்துதான் எங்கள் துறையே பிறந்தது என்பதை அந்த வாரங்களில் அடிக்கடி நினைத்தேன். 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேனமார்க் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டேனியத்தால் ஆன ஒரு சிறு கருவியை வைத்தார். ஆய்வு முடிந்து அதைத் திரும்ப எடுக்கப் போனால், எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காற்றுப் பட்டவுடன் டைட்டேனியத்தின் மேல் படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை எலும்பு அந்நியமாகக் கருதுவதில்லை. 1965இல் அவர் முதல் நோயாளியின் தாடையில் டைட்டேனிய வேர்களை வைத்தார்; அந்த மனிதர் நாற்பது வருடங்களுக்கு மேல் அவற்றோடு வாழ்ந்தார். பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதை நாங்கள் வெற்றி என்று எழுதுகிறோம். டைட்டேனியத்தைப் பற்றி ரீச்சருக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அது மண்ணிலிருந்து வருவது, எங்கள் கிழக்கு மாகாணத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே அதன் தாதுவான இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன என்று சொன்னபோது அவருடைய முகம் சற்றுத் தெளிந்தது.

இன்னொரு பழைய செய்தியும் மனத்தைவிட்டு அகலவில்லை. விலங்கின் எலும்பை மனிதனுக்கு வைத்ததாக எழுதப்பட்ட குறிப்புகளில் மிகப் பழையதாகக் காட்டப்படுவது, 1668இல் வெளியான, ஒல்லாந்துச் சத்திரசிகிச்சையாளர் யோப் வான் மீகெரென் பதிந்தது. மண்டையோட்டில் வெட்டுப்பட்ட ரஷ்யர் ஒருவருக்கு நாயின் எலும்பை வைத்து அடைத்தார்கள், காயம் ஆறியது, ஆனால் அவருடைய திருச்சபை அவரை வெளியே நிறுத்திவிட்டது. வைத்தியரின் கணக்கில் அந்தச் சிகிச்சை சித்தி. அந்த மனிதருக்கோ கும்பிடப் போக இடமில்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்திய அந்த வரியை மாணவப் பருவத்தில் ஒரு சுவாரசியமான துணுக்காக வாசித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன்.

ரீச்சர் ஆறு வாரம் கழித்து வந்தார். திருகை வைத்துவிடு என்றார். என்ன முடிவெடுத்தார், எப்படி எடுத்தார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார். திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறைவரைக்கும் போனாராம். பாதை வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், அவர் ஏறவில்லை. மூன்று தடவை அது அக்கரை போய்த் திரும்பி வரும்வரை கரையில் நின்று, அங்கிருந்தே கைகூப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. கோயில் ஐயாவிடம் கேட்டிருந்தால் தாராளமாக வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

மாட்டுப் பால் குடிக்கிறோம்தானே ரீச்சர், அந்தக் கனிமத்தில் மாட்டின் உயிர்ச்சத்து ஒன்றும் மிச்சமில்லையே என்று நான் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“பாலைத் தெரிஞ்சு குடிச்சன் மனே. இது தெரியாம வந்தது.”

வேதியியலில் எனக்கு என்ன தெரிந்திருந்தாலும், அதற்குப் பதில் இல்லை.

சொல்லத் தொடங்கிய பிறகு

அதன்பின் என் மேசையில் எல்லா வகையிலும் ஒரு குப்பியை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின்மேலும் தமிழில் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாட்டெலும்பு. பன்றித் தோல். மனித எலும்பு. கடற்பவளம். ஆலையில் செய்த கல்சியம் பொஸ்பேட். கண்ணாடி. சக வைத்தியர்கள் சிலர் இதை வரவேற்கவில்லை. பயமுறுத்தி நல்ல சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல வைக்கிறாய், எவரும் கேட்காததை ஏன் கிளப்புகிறாய் என்றார்கள். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் ஒரு பக்கத்தால்தான் மெல்லுகிறார். ஆனால் எவரும் கேட்பதில்லை என்பது ஒரு காரணமாகாது. எலும்புத் தூள் என்ற சொல்லுக்குள் ஒரு மாடு இருக்கிறது என்று தெரியாத ஒருவர் எதைக் கேட்பார்?

மாற்றுப் பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது அவற்றின் குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாவற்றிலும் சிறந்தது நோயாளியின் சொந்த எலும்புதான். கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் இரண்டாவது காயம் ஒன்று ஆற வேண்டும், வைத்த எலும்பில் ஒரு பங்கு கரைந்தும் போகும். செயற்கைக் கல்சியம் பொஸ்பேட்டில் ஒரு வகை சில மாதங்களிலேயே கரைந்து மேட்டைக் கைவிட்டுவிடும், இன்னொரு வகை நெடுநாள் கிடக்கும். அதனால் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். சிறு குழிகளுக்கு அது நன்றாகவே போதும். உயிர்ப்புள்ள கண்ணாடியை 1969இல் அமெரிக்காவின் புளோரிடாவில் லாரி ஹென்ச் உருவாக்கினார். உடற்திரவம் பட்டதும் அதன் மேற்பரப்பில் எலும்புக் கனிமத்தைப் போன்ற ஒரு படலம் தானாக உண்டாகி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி வரும் நாரியப் படலத்தைப் பிரான்சின் ஜோசப் ஷுக்ரூன் 2001 அளவில் அறிமுகப்படுத்தினார். காயம் ஆறுவதற்கு அது நல்லது, ஆனால் மென்மையானது, தனியாக ஒரு மேட்டைத் தாங்கி நிற்காது. கலந்து பயன்படுத்துகிறேன்.

பவளத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி ஆர்வம் பிறக்கிறது. பவளக்கல் கல்சியம் காபனேற்று, சுட்டால் சுண்ணாம்பு. கரையோரத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். அதன் துளைகளின் அமைப்பு பஞ்செலும்பின் துளைகளை ஒத்திருப்பதைக் கண்டு, 1974இல் டெல்லா ரோய், சாரா லினஹான் என்ற இரு ஆய்வாளர்கள், உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பொஸ்பேட் கரைசலில் வைத்து, துளைகள் கலையாமல் அதை எலும்புக் கனிமமாகவே மாற்றிக் காட்டினார்கள். வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்பின் தாய்க்கல் பல்லுக்கு எலும்பாகுமா என்று பெரியகல்லாற்று ஆச்சி ஒருவர் வியந்து கேட்டார். பாசிக்குடாவில் போய் உடைத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம் ஆச்சி, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன்.

சாய்ந்தமருதிலிருந்து வரும் மௌலவி ஒருவரிடம் நான் தயங்கித் தயங்கிப் பன்றிக் கொலாஜனைப் பற்றிச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை. இந்தக் கேள்வி புதியது என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் பகுதி முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவில், 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, முறிந்த எலும்பை அசுத்தமான எலும்பால் பொருத்துவதைப் பற்றியே எழுதியிருக்கிறார் என்றார். சுத்தமானது கிடைக்காமல் வைத்திருந்தால் அவருக்கு மன்னிப்பு உண்டு. கிடைத்தும் வைத்திருந்தால், பெரும் தீங்கு வராது என்றால் அதை எடுத்துவிட வேண்டும். உருமாறிய பொருள் சுத்தமாகிவிடுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, பதனிட்டாலும் பன்றித் தோல் சுத்தமாகாது என்பதே தங்கள் மத்ஹபின் நிலை என்றும் விளக்கினார். பிறகு, “டொக்டர், வேற சாமான் இருக்கா இல்லையா எண்டது உங்களுக்குத்தானே தெரியும். நீங்க சொன்னாத்தானே நாங்க சட்டம் பார்க்கலாம்” என்றார். அவருக்கு ஆலையில் செய்த கரையும் சவ்வை வைத்தேன். கொஞ்சம் விறைப்பானது, தைக்கக் கூடுதல் நேரம் எடுத்தது, நன்றாகவே ஆறியது.

எல்லோரும் விலங்குப் பொருளை மறுக்கிறார்கள் என்று இதை வாசித்துவிட்டு எண்ண வேண்டாம். பாதிக்கு மேற்பட்டவர்கள், எது நல்லதோ அதை வையுங்கள் என்கிறார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒருவர் மாட்டெலும்பு என்று கேட்டுக் கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்துவிட்டு, சரி என்றார். அந்தச் சற்று நேரம் ரீச்சருக்குக் கிடைக்கவில்லை.

ரீச்சரின் பல் இப்போது அவருடைய வாயில் உறுதியாக இருக்கிறது. முறுக்குக் கடிக்கிறார், தேவாரம் பாடுகிறார். சென்ற வருடம் மண்டூருக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுக்க வருவார். படம் திரையில் வந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து அருகில் வந்து நிற்பார். திருகைச் சுற்றி எலும்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டு, திருகின் பக்கத்தில் இருக்கும் வெண்புள்ளிகளின் மேல் விரலை வைப்பார்.

“இன்னும் கிடக்கா?”

“கிடக்கு ரீச்சர்.”